அப்பாவின் டைம்ஷேரை விற்கலாமா?

உங்கள் வீட்டு அலமாரியின் அடித்தட்டைக் கொஞ்சம் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ்கள், பழைய இ.பி.எஃப். கடிதங்கள், வீட்டுக் கிராண்ட் எல்லாம் அடுக்கி வைத்திருக்கும் இடத்தில், தடித்த அட்டை போட்ட ஒரு கோப்பு இருக்கலாம். மேலே தங்க எழுத்தில் ஏதோ ஒரு ஹாலிடே கிளப்பின் பெயர். உள்ளே ஒரு சான்றிதழ், கடற்கரைப் படங்கள், வருடா வருடம் வந்த பில்கள். 1990களில் நம் பெற்றோர் சிலர் வாங்கிப்போட்ட டைம்ஷேர் அது. எல்லார் வீட்டிலும் இருக்காது. இருக்கிற வீட்டில் இப்போது ஒரே பேச்சுதான்: "இத எப்படியாவது தள்ளிவிடணும்."

தள்ளிவிடுகிற வேலை யாருக்கு வருகிறது? நமக்குத்தான். "உனக்குத்தான் போன்ல விளம்பரம் போடத் தெரியுமே, ஒண்ணு போட்டு விடுப்பா" என்கிறார் அப்பா. நாலு படம், நாலு வரி, அஞ்சு நிமிஷ வேலை. அந்த நாலு வரியில் எதை எழுதுவது, எதை விடுவது என்று கேட்டுப் பார்த்தால் மட்டும் அஞ்சு நிமிஷத்தில் முடியாது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். தர்மம் என்றால் கோயிலிலும் சமய வகுப்பிலும் பேசுகிற விஷயம் என்று நாம் ஒதுக்கி வைத்துவிடுகிறோம். நம்மில் பெரும்பாலோருக்கு அது இப்படி ஒரு விளம்பர வரியில்தான் வந்து நிற்கும்.

முதலில், விற்கப்போகும் பொருள் என்ன என்று தெளிவாக இருக்க வேண்டும். ஓர் உல்லாசத் தங்குமிடத்தின் அறையை வருடத்தின் 52 வாரங்களாகக் கூறு போட்டு, ஒரு வாரத்தை ஒருவருக்கு விற்பதுதான் டைம்ஷேர். 1960களில் பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் தொடங்கிய யோசனை. அமெரிக்கா போய்ப் பெரிதாகி, பிறகு நம் பக்கமும் வந்தது. நம் நாட்டில் பெரும்பாலும் நிலமோ சுவரோ உங்கள் பேரில் வருவதில்லை. இத்தனை வருடங்களுக்கு, வருடத்தில் இத்தனை நாள் தங்கலாம் என்ற உரிமை மட்டுமே உங்களுடையது. அந்த உரிமையோடு ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளை ஒன்று உண்டு: வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம். நீங்கள் போனாலும் கட்ட வேண்டும், போகாவிட்டாலும் கட்ட வேண்டும்.

இதைச் "சொத்து" என்று சொல்லி விற்றதிலேயே பாதிப் பிரச்சினை தொடங்கிவிட்டது என்பது என் கருத்து. சொத்து என்றதும் நம் ஆட்கள் மனதில் ஒரு படம் வரும். நிலம் மாதிரி, நகை மாதிரி, வைத்திருக்க வைத்திருக்க விலை ஏறும், பிள்ளைகளுக்கு விட்டுப் போகலாம். தோட்டத்தில் பிறந்து, லயத்து வீட்டில் வளர்ந்து, பட்டணத்துக்கு வந்து முதல் முறையாகக் கையில் கொஞ்சம் காசு பார்த்த ஒரு தலைமுறைக்கு அந்தச் சொல் எவ்வளவு இனித்திருக்கும்! ஆனால் டைம்ஷேர் தேய்கிற பொருள். 25 வருட உரிமையில் 19 வருடம் போய்விட்டால் மிச்சம் 6 வருடம்தான். எல்.ஆர்.டி. பாஸ் மாதிரி.

இனி விளம்பரத்துக்கு வருவோம். பச்சைப் பொய்யைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. "பராமரிப்புக் கட்டணம் கிடையாது" என்று எழுதினால் அது மோசடி. அப்பா சொன்னாலும் எழுதக்கூடாது. சிக்கல் அங்கே இல்லை. சிக்கல் உண்மையான வாக்கியங்களில் இருக்கிறது.

"கடற்கரை பார்த்த அறை. ஆறு பேர் தங்கலாம். 15,000 ரிங்கிட்டுக்கு வாங்கியது, வெறும் 4,000க்குத் தருகிறோம்." இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. கடல் இருக்கிறது, ஆறு கட்டில் இருக்கிறது, 15,000க்கான ரசீதும் இருக்கிறது. ஆனால் படிப்பவர் என்ன நினைப்பார்? 15,000 பெறுமானம் உள்ள பொருள் 4,000க்குக் கிடைக்கிறது, அள்ளிக்கொள்வோம் என்று நினைப்பார். அப்படி நினைக்கட்டும் என்றுதான் அந்த எண்ணையே எழுதினோம். அன்று கொடுத்த விலைக்கும் இன்றைய மதிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது எழுதுகிற நமக்குத் தெரியும்.

இந்த இடத்தில் தருமரை நினைக்காமல் இருக்க முடியாது. துரோண பர்வத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான். அசுவத்தாமன் என்ற பெயருள்ள யானையைப் பீமன் கொன்றான். தன் மகன் இறந்துவிட்டானா என்று துரோணர் கேட்டபோது, அசுவத்தாமன் இறந்தான் என்று தருமர் உரக்கச் சொன்னார். யானை என்பதை மட்டும் வாய்க்குள் முணுமுணுத்தார். சொற்களை எண்ணிப் பார்த்தால் பொய்யே இல்லை. யானை இறந்தது உண்மை, அதன் பெயரும் உண்மை. இருந்தும் அதுவரை தரையில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த அவருடைய தேர், அந்த நிமிடமே மண்ணைத் தொட்டது என்கிறார் வியாசர்.

பலர் அதோடு கதையை நிறுத்திவிடுவார்கள். கடைசியில் சொர்க்கத்துக்குப் போன தருமருக்கு முதலில் நரகம் காட்டப்படுகிறது. ஏன் என்று இந்திரன் காரணம் சொல்கிறான்: துரோணரை நீ ஒரு பாவனையால் ஏமாற்றினாய், அதனால் உனக்கும் ஒரு பாவனையாக நரகம் காட்டப்பட்டது. இதைச் சொல்லும்போது ஓர் இளைஞர் என்னைக் கேட்டார்: "அது யுத்தம், கண்ணனே சொல்லித்தானே செஞ்சாரு, அதுக்கே தண்டனையாண்ணே?" ஆமாம். ஓர் உலகப் போரை முடிக்கச் சொன்ன அரை உண்மைக்கே கணக்கு எழுதப்பட்டது. 4,000 வெள்ளிக்காகச் சொல்கிற அரை உண்மைக்கு நாம் என்ன சமாதானம் சொல்ல முடியும்? நம் விளம்பரத்தில் மூன்றாவது படத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில், "வழக்கமான கட்டணங்கள் உண்டு" என்று போடுகிறோமே, அதுதான் நம்முடைய யானை.

பொய்யும் வேண்டாம், அரை உண்மையும் வேண்டாம், கேட்டால் சொல்லலாம், கேட்காவிட்டால் நாமாக ஏன் சொல்ல வேண்டும் என்பது அடுத்த வாதம். இதைச் சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. சட்டமே ஓரளவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறது.

மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் 17ஆம் பிரிவு மோசடி என்றால் என்ன என்று விளக்குகிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்திலிருந்து அப்படியே வந்த பிரிவு அது. அதில் ஒரு குதிரை வருகிறது. ஒருவர் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறார். அதற்கு நோய் இருப்பது அவருக்குத் தெரியும். வாங்குபவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். சும்மா இருந்தது குற்றமில்லை.

அடுத்த எடுத்துக்காட்டுதான் என்னை யோசிக்க வைத்தது. அதே குதிரை, அதே விற்பனையாளர். வாங்குபவர் இப்போதுதான் சட்டப்படி முழு வயதை எட்டிய அவருடைய சொந்த மகள். இப்போது அவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது சட்டம். மூன்றாவதாக ஒன்று. "நீங்க இல்லன்னு சொல்லலைன்னா குதிரை நல்லா இருக்குன்னு எடுத்துக்குவேன்" என்று வாங்குபவர் சொல்கிறார், விற்பவர் பேசாமல் இருக்கிறார். அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

மூன்றாவது எடுத்துக்காட்டு நம் காலத்தில் தினமும் நடக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒருவர் கேட்கிறார்: "ஒரு தடவ கட்டுனா போதும்தானே அண்ணே?" நாம் பதிலாக ஒரு கட்டைவிரல் படம் அனுப்புகிறோம், அல்லது "அறை சூப்பரா இருக்கும்" என்று பேச்சை மாற்றுகிறோம். சட்டத்தின் கணக்கிலேயே நாம் பேசிவிட்டோம்.

ஆனால் என் கேள்வி முதல் இரண்டையும் பற்றியது. குதிரையின் நோய் மாறவில்லை. விற்பவருக்குத் தெரிந்ததும் மாறவில்லை. வாங்குபவர் யார் என்பது மட்டும் மாறியது. மகளுக்குச் சொல்ல வேண்டும், ஊரான் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் அந்தக் கோட்டைப் போட்டதில் தப்பில்லை; ஒவ்வொரு கடைக்காரனும் ஒவ்வொரு வாடிக்கையாளனுக்கும் தகப்பன் மாதிரி நடக்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது. கட்டாயப்படுத்த முடியாத அந்த இடத்தில்தான் தர்மம் தன் வேலையைத் தொடங்குகிறது.

வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளை, அதாவது 120ஆம் குறளை, அரசனுக்கோ நீதிபதிக்கோ கொடுக்கவில்லை. வியாபாரிக்குக் கொடுத்திருக்கிறார். பிறர் பொருளையும் தன் பொருள் போல எண்ணிப் பார்ப்பதே நல்ல வாணிகம் என்பது அதன் கருத்து. அது ஏதோ துறவி சொன்ன உபதேசம் என்று நினைக்காதீர்கள். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பாடும் உருத்திரங்கண்ணனாரும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்: பழிக்கு அஞ்சி உண்மை பேசினார்கள், தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாகப் பார்த்தார்கள், கொள்வதை அதிகமாகக் கொள்ளவில்லை, கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்கவில்லை. கடல் கடந்து வியாபாரம் செய்தவர்கள் அவர்கள். முன்பின் தெரியாதவர்களிடம் விற்று வாங்கியவர்கள். சட்டம் போட்ட மகள், ஊரான் என்ற கோட்டை அவர்கள் அழித்துவிட்டுத்தான் கடை விரித்தார்கள் என்று புலவர் நமக்குச் சொல்கிறார்.

மகாபாரத சாந்தி பர்வத்தில் வரும் துலாதாரரின் கதை இன்னும் நேரடியானது. ஜாஜலி என்று ஒரு தவசி. அசையாமல் மரம் மாதிரி நின்று தவம் செய்தார். தலைமுடியில் குருவிகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் பறந்தும் போயின. தர்மத்தை அடைந்துவிட்டேன் என்று அவர் பெருமைப்பட்டபோது, காசியில் இருக்கும் துலாதாரருக்கு நீ ஈடாக மாட்டாய் என்று ஒரு குரல் கேட்டது. போய்ப் பார்த்தால் அவர் கடை வைத்து வியாபாரம் செய்கிறவர். என்ன தவம் செய்தீர் என்று கேட்டதற்கு அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: என் தராசு எல்லாருக்கும் ஒன்றுபோல நிற்கிறது, நான் வஞ்சனை இல்லாமல் வாங்கி விற்கிறேன். தலையில் குருவிக்கூடு கட்டவிட்டவரை, தராசை நேராகப் பிடித்தவரிடம் பாடம் கேட்க அனுப்பி வைத்திருக்கிறது நம் இதிகாசம்.

சரி, இதெல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் அப்பாவின் பணம்? இங்கேதான் வீட்டில் குரல் உயரும். "எங்கள மட்டும் ஏமாத்தல? ஹோட்டல்ல கூப்பிட்டு உக்கார வச்சு, மூணு மணி நேரம் பேசி, இன்னைக்கே கையெழுத்துப் போட்டாத்தான் இந்த வெலைன்னு சொல்லல? நாங்க விட்ட காச எடுக்க வேணாமா?" இந்தக் கோபம் நியாயமானது. அப்படிப்பட்ட விற்பனை அறைகளில் மனிதனால் நிதானமாக யோசிக்க முடியாது என்பதைச் சட்டங்களே ஒப்புக்கொள்கின்றன. சிங்கப்பூரில் டைம்ஷேர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் 5 வேலை நாட்களுக்குள் மனம் மாறி அதை ரத்து செய்யலாம் என்று நுகர்வோர் பாதுகாப்பு விதி இருப்பது அதனால்தான்.

ஆனாலும் கணக்கை நேராகப் பார்ப்போம். அப்பாவின் பணத்தை எடுத்தது அந்த நிறுவனம். இப்போது நம் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு கிள்ளானிலிருந்தோ சிரம்பானிலிருந்தோ போன் செய்கிறவர் அப்பாவிடம் ஒரு காசும் எடுக்கவில்லை. அவரிடமிருந்து அதை வசூலிப்பதற்கு நியாயம் தேடுவது, ஒருவன் அடித்ததற்கு இன்னொருவனைத் திருப்பி அடிப்பது. அதோடு, அவரும் வாங்கிய பிறகு விழித்துக்கொண்டு, தன் மகனிடம் போனைக் கொடுத்து, "நாலு வரி எழுதிப் போடுப்பா" என்பார். சங்கிலி எங்கேயோ ஒரு வீட்டில் அறுந்தாக வேண்டும். கர்மவினை என்பதை மறுபிறவியோடு மட்டும் முடிச்சுப் போட்டுப் பேசுகிறோம். இந்த மாதிரிச் சங்கிலியைப் பார்த்தால் இந்தப் பிறவியிலேயே, வீட்டு வாசலிலேயே புரியும்.

அப்படியானால் விற்கவே கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. ஒரு பொருள் எனக்குச் சுமை என்பதால் எல்லாருக்கும் சுமை ஆகிவிடாது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பேரப்பிள்ளைகளை வருடம் தவறாமல் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறவர், சமைத்துச் சாப்பிட வசதியுள்ள பெரிய அறை வேண்டும் என்று தேடுகிறார் என்று வையுங்கள். அவருக்கு நம் கோப்பு ஒரு நல்ல செய்தியாக இருக்கலாம். அந்த மனிதரைக் கண்டுபிடிப்பதுதான் நேர்மையான விற்பனை. அவரிடம் முழுக் கணக்கையும் போட்டுக் காட்டினாலும் அவர் வாங்குவார்.

கணக்கு என்றதும் நினைவு வருகிறது, ஒரு தடவை போட்டே பாருங்கள். புரிவதற்காக நானே எடுத்த எண்கள் இவை. மிச்சம் 6 வருடம். வருடத்துக்கு 7 இரவு. பராமரிப்பு வருடம் 600 ரிங்கிட், ஆறு வருடத்துக்கு 3,600. பெயர் மாற்றக் கட்டணம் 500. நாம் கேட்கும் விலை 4,000. மொத்தம் 8,100 ரிங்கிட், 42 இரவு. ஓர் இரவுக்கு 193 ரிங்கிட் வருகிறது. அவர் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் போவார் என்றால் அதுவே 386. விலையே வாங்காமல் சும்மா கொடுத்தால் இரவுக்கு 98. கட்டணம் இதே அளவில் நின்றால்தான் இந்தக் கணக்கு; அது ஏறும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பள்ளி விடுமுறையில் அறை கிடைப்பது கஷ்டம் என்றால் அதையும்.

இந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொண்டு 4,000 என்று கேட்க வாய் வருகிறதா என்று பாருங்கள். பல நேரம் வராது. 1,000க்கு இறங்கும், சில நேரம் சும்மாவே கொடுக்கத் தோன்றும். உண்மையைச் சொன்னால் விலை குறைகிறது என்றால், குறைந்த அந்தத் தொகை இவ்வளவு நேரமும் எங்கிருந்து வருவதாக இருந்தது? வாங்குபவரின் அறியாமையிலிருந்துதான்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் இளைஞர்கள் சிலர் படிக்கும்போது பகுதி நேர வேலையாக, பேரங்காடி வாசலில் நின்று சுரண்டுகிற சீட்டைக் கொடுத்து, பரிசு விழுந்திருக்கு என்று ஆட்களை மேலே விளக்கக் கூட்டத்துக்கு அனுப்புகிறார்கள். "நான் விக்கல, ஆள்தான் அனுப்பறேன்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மாதக் கடைசியில் கைச்செலவுக்கு வேண்டும். ஆனால் உங்கள் அத்தையை அந்த மாடிக்கு அனுப்புவீர்களா என்று ஒரு தடவை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். குதிரையை வாங்குகிற மகள் கதைதான் அதுவும்.

எல்லாம் சொல்லிவிட்டு யாரும் வாங்கவில்லை என்றால்? இது நடக்கக்கூடியதே. அப்போது அந்தப் பொருளுக்குச் சந்தையில் மதிப்பு இல்லை என்பதை வீட்டில் எல்லாரும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கு அது வலிக்கும். அவர் விட்டது பணத்தை மட்டுமில்லை, பிள்ளைகளுக்கு ஏதோ வாங்கி வைத்தேன் என்ற நினைப்பையும்தான். அந்த வலியைப் பார்த்து மனம் இளகி, இன்னொருவர் தலையில் கட்டத் துணை போவது பாசம் போலத் தோன்றும். அதைவிட அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பந்தத்தை முழுக்கப் படித்துச் சொல்வது அவருக்கு உதவும். எந்த வருடம் முடிகிறது, நிறுவனத்திடமே திருப்பி ஒப்படைக்க வழி இருக்கிறதா, அதற்கு என்ன கட்டணம், உறுப்பினர் இறந்தால் வாரிசுகள் கட்ட வேண்டுமா என்று பாருங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாமல் கோப்பை அலமாரியில் திரும்ப வைக்காதீர்கள். ஒன்றும் சொல்லாமல் பிள்ளைகள் தலைக்கு விட்டுப் போவதும் ஒரு வகை மௌன விற்பனைதான், அங்கே வாங்குகிறவர் உண்மையாகவே மகள்.

விளக்கம் கேட்டு எழுத வேண்டுமானால், மலேசியாவில் இந்த மாதிரித் திட்டங்களைப் பதிந்து கண்காணிப்பது நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.; சிங்கப்பூரில் பயனீட்டாளர் சங்கமான கேஸ் ஆலோசனை சொல்கிறது. "உங்க டைம்ஷேருக்கு ஆள் ரெடியா இருக்கு, முதல்ல ஒரு கட்டணம் மட்டும் கட்டுங்க" என்று யாராவது தானாகப் போன் செய்தால் காசு கொடுக்காதீர்கள். விற்கத் துடிக்கிறவர்களைக் குறிவைத்து பல நாடுகளில் நடந்துவரும் பழைய ஏமாற்று அது.

விளம்பரம் போடுவதென்றால், முதல் வரியில் கடலை எழுதுங்கள், அது அழகாகத்தான் இருக்கும். இரண்டாவது வரியில் வருடக் கட்டணத்தையும் மிச்சமுள்ள வருடங்களையும் எழுதுங்கள், அதே அளவு எழுத்தில். பழைய விலையை விட்டுவிடுங்கள். போன் வந்தால், கடைசி மூன்று வருட பில்லைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, பார்த்துட்டு ரெண்டு நாள் கழிச்சுக் கூப்பிடுங்க என்று சொல்லுங்கள்.